குளிருக்கு வீடு தயாரா? ஜாக்கெட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

மல்லாங்கிணற்றில் வீடு கட்டும் யாரும் உறைபனியை மனதில் வைத்துக் கட்டுவதில்லை. தேவையும் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மார்கழி விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் நிற்கும். காதை மூடி ஒரு துண்டைக் கட்டினால் பனியைச் சமாளிச்சாச்சு. நம்ம வீட்டுக்கு எதிரி வெயில். அதனால்தான் மொட்டை மாடியில் தட்டோடு, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு. தண்ணீர் பைப் வெளிச்சுவரை ஒட்டியே இறங்கினாலும் யாரும் கவலைப்படுவதில்லை.

இந்தப் பழக்கத்தோடுதான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் டல்லாஸுக்கும் டொராண்டோவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ராணுவத்தில் சேர்ந்தவர்கள் லடாக் போகிறார்கள். ஒண்ணுமில்லைன்னாலும் டிசம்பர் லீவில் நாலு பேர் சேர்ந்து ஊட்டிக்காவது கிளம்பிவிடுகிறார்கள். புறப்படும் முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்த ஜாக்கெட் வாங்கணும்? தங்கப்போகிற வீடு குளிருக்குத் தயாரா என்று யாரும் கேட்பதில்லை. குளிர் தாங்காமல் போனால் அந்த வீட்டுக்குள் நாம் என்ன செய்வோம் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

வெயிலுக்குக் கட்டிய வீடு பனியில் சிக்கினால்

டெக்சாஸும் வெயில் பூமிதான். 2021 பிப்ரவரியில் அங்கே கடும் பனிப்புயல் வந்தது. பிப்ரவரி 16 அன்று டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் போனது. மாநில அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர்.

அங்கே பல வீடுகளில் தண்ணீர் பைப் கூரைக்குக் கீழே பரணிலும், வெளிச்சுவருக்குள்ளும் போகும். வெயில் ஊரில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஹீட்டர் நின்று வீடு சில்லிட்டதும் பைப்புக்குள் தண்ணீர் உறைந்தது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும். பனிக்கட்டி பைப்பை நெருக்கி உடைக்கிறது என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. பனிக்கட்டி ஓரிடத்தில் அடைத்துக்கொள்கிறது. அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறுகிறது. வெடிப்பு அங்கேதான்.

உறைபனி ராத்திரியில் டேப்பை லேசாகத் திறந்து சொட்டவிடச் சொல்வது இதற்காகத்தான். குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊர்க்காரருக்கு, டேப் சொட்டச் சொட்டத் தூங்குவது மனசு கேட்காத வேலை. ஆனாலும் செய்யணும். வெளியே தெரியும் பைப்புக்கு ஃபோம் உறை போடுங்கள். சிங்குக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து வைத்தால் அறைச் சூடு பைப்புக்கும் போகும். தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் குடிபோன அன்றே பார்த்துவிடுங்கள். பைப் வெடித்த பிறகு டார்ச் அடித்துத் தேட முடியாது. லீவுக்கு ஊருக்கு வரும்போது பில்லை மிச்சம் பிடிக்க ஹீட்டரை முழுசாக அணைக்காதீர்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் உரிமையாளரிடம் கேட்கலாம். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டொராண்டோவில் வீட்டுக்காரர் கையில் ஹீட்டர் இருந்தால், குளிர்காலத்தில் 21 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நகராட்சி விதி. அடிச்சுக் கேட்கலாம்.

புகை இல்லாத நெருப்பு

ஊட்டிக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாகும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு ஏறிவிடும். சிக்கல் என்னவென்றால், பல காட்டேஜ்களில் ஹீட்டர் கிடையாது. கம்பளி கொடுப்பார்கள். மாலையில் வாசலில் பார்பிக்யூ. ராத்திரி குளிர் ஏற ஏற, மிச்சமிருக்கும் கங்கை அடுப்போடு அறைக்குள் தூக்கி வைத்துவிட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்துகிறார்கள். அடுத்த நாள் காலையில் கதவை உடைத்துத் திறந்தார்கள் என்ற செய்தியை ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் பலமுறை படித்துவிட்டோம்.

கரியைப் பற்றி நமக்கே பாடமா என்று இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்கலாம். சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடும் ஊர்கள் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. விறகை அடுக்கி, இலைதழையும் வைக்கோலும் பரப்பி, மேலே மண் பூசி, சின்னத் துளைகள் விட்டுத் தீ வைப்பார்கள். நாள் கணக்கில் புகைந்து அடங்கும். ஆக, கரியின் புகை மூட்டத்திலேயே போய்விடுகிறது. ஊட்டி அறையில் எரியும் கங்கு செக்கச்செவேலென்று, கண்ணைக் கரிக்காமல், சாதுவாகத் தெரிவது அதனால்தான். புகையே இல்லையே, என்ன ஆகிவிடும் என்று தோன்றுகிறது.

ஆபத்து புகையில் இல்லை. கனலும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய அது இன்னும் கூடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், அசதி. மலையேறிய களைப்பு, பரோட்டா ஒத்துக்கலை என்று நினைத்துப் படுப்பவர் எழுந்திருக்க மாட்டார்.

குளிருக்குப் பழகினவர்களுக்கு இது நடக்காது என்றும் இல்லை. 2025 ஜனவரி தொடக்கத்தில் ஸ்ரீநகரின் பந்த்ரேதன் பகுதியில், வாடகை வீட்டில் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இப்படி மூச்சுத்திணறி இறந்தார்கள். டெக்சாஸிலும் கரண்ட் இல்லாத வீடுகளில் கரி அடுப்பை உள்ளே வைத்தவர்களும், கராஜில் ஜெனரேட்டரையோ காரையோ ஓடவிட்டவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. பெங்களூரு பிஜியில் இருக்கும் தம்பி, தங்கைகளும் குளியலறையைப் பாருங்கள்: ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் இதே கதைதான். அதை வெளியே மாட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சுற்றுலாப் பயணியின் அலட்சியம் என்று தள்ளிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. 'கேம்ப்ஃபயர், பார்பிக்யூ உண்டு' என்று விளம்பரம் போட்டு அறையை விற்கும் விடுதி, படுக்கை அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டட்டும். ஒண்டாரியோவில் எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கை அறைகளுக்கு அருகே அது சட்டப்படி கட்டாயம். நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள் விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதைக் கேட்டாலே போதும். அடுப்பு ராத்திரி யார் பொறுப்பில் அணைகிறது என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். வாசலில் கோழி சுடுவதை யாரும் தடுக்கவில்லையே.

இன்னொன்று நம்ம பக்கமே செய்யலாம். அமெரிக்காவில் விற்கும் கரிப் பையில், வீட்டுக்குள் எரித்தால் உயிர் போகும் என்ற எச்சரிக்கை சட்டப்படி அச்சாகியிருக்க வேண்டும். இங்கே சாக்கில் கட்டி லாரி ஏற்றுகிறோம். அந்தச் சாக்கில் எழுத்தே கிடையாது. ஊட்டி அறையில் கனலும் கரி நம்ம பக்கத்து மூட்டத்தில் வெந்ததாகவே இருக்கலாம்.

அதுவரை, மலைக்குக் கிளம்பும்போது பையில் ஓர் அலாரம் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவுதான், பேட்டரியில் ஓடும், ஆன்லைனில் கிடைக்கிறது. அது கத்தினாலோ, அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தாலோ, காரணம் தேடிக்கொண்டு உள்ளே நிற்காதீர்கள். எல்லோரையும் எழுப்பி வெளியே கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். வெளியே எவ்வளவு குளிர் அடித்தாலும் சரி.