வாக்குச்சாவடியின் பெஞ்சு மலையடிவாரத்துக்கும் வரட்டும்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

அண்ணாமலையின் அடிவாரத் தெருக்களில், மழைக்காலம் தொடங்கும் முன்பே, எல்லாக் கட்சிகளின் அடிமட்டத் தொண்டர்களையும் சேர்த்துப் பேரிடர்க் குழுக்களை அமைக்க வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனுவாகவும் கொடுக்கலாம்தான். ஆனால் இது ஒரு துறையால் மட்டும் முடிகிற காரியம் இல்லை. ஊரும் சேர்ந்து யோசிக்க வேண்டியது.

2024 டிசம்பர் 1 மாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மண்ணைத் தோண்டி உடல்களை எடுத்து முடிப்பதற்குள் டிசம்பர் 3 ஆகிவிட்டது. அந்த மாதம் 13-ஆம் தேதி மகாதீபம். நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்தார்கள். பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் தீபத்தன்று மலையேற வருகிறவரைத் தடுக்கலாம், மலைச்சரிவிலேயே குடியிருப்பவரை என்ன செய்வது? எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், யார் வாடகைக்குப் புதிதாக வந்தவர் என்பதெல்லாம் மழை கொட்டும் இரவில் யாருக்குத் தெரியும்?

பூத் ஏஜென்டுக்குத் தெரியும்.

வாக்குப்பதிவு நாளில் அவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஏழு மணி வாக்குப்பதிவுக்கு விடிவதற்கு முன்பே, மாதிரி வாக்குப்பதிவு நேரத்திலேயே, வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சுவர் பிடிப்பதில் கைகலந்தவர்கள், கொடிக்கம்பத் தகராறில் ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்தவர்கள், எல்லோரும் தோளோடு தோள் இடித்தபடி ஒரே பெஞ்சில். ஒருவர் வீட்டிலிருந்து வந்த எலுமிச்சைச் சாதத்தை நாலு கட்சிக்காரர்களும் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். மடியில் வாக்காளர் பட்டியல். அதன் ஓரத்தில் பென்சில் குறிப்புகள்: ‘பெங்களூரில் கட்டட வேலை’, ‘கட்டிக்கொடுத்து ஆரணி போய்விட்டது’, ‘படுத்த படுக்கை, ஆட்டோ அனுப்பணும்’. அந்த ஓரக் குறிப்புகளை அப்படியே எடுத்து எழுதினால், மழை இரவில் யாரை முதலில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்கிற பட்டியல் அதுவே.

அந்தப் பெஞ்சின் அமைப்பையும் கவனியுங்கள். தங்களுக்குள் சண்டை இல்லை என்பதால் அவர்களை அங்கே உட்கார வைக்கவில்லை. சண்டை இருப்பதால்தான் வைத்திருக்கிறோம். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். இயந்திரத்தின் சீலில் அவர்களும் கையெழுத்துப் போடலாம். வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி-யின் நகலை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் ஏஜென்டுகளிடம் தந்து கையெழுத்து வாங்குகிறார். எதிரும் புதிருமானவர்களை அருகருகே அமர்த்தி அந்தக் கண்காணிப்பை நம்பியே தேர்தலை நடத்தும் அரசு, நிவாரணப் பட்டியலுக்கு ஏன் அதையே செய்யக் கூடாது?

பழைய பகையை ஒதுக்கி வைப்பது கீழ்மட்டத் தொண்டருக்குப் புதிதும் அல்ல. 1993-ல் தி.மு.க.விலிருந்து வைகோ நீக்கப்பட்டபோது ஐந்து தொண்டர்கள் தீக்குளித்து இறந்தார்கள். பிறகு அவர் தொடங்கிய ம.தி.மு.க.வின் வேட்பாளர்கள் 2021-ல் அதே தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்திலேயே போட்டியிட்டார்கள். மேலே கூட்டணி கையெழுத்தாக ஒரு நாள் போதும். கீழே கிளைச் செயலாளர், நேற்றுவரை முகம் கொடுத்துப் பேசாதவரோடு மறுநாள் காலையிலேயே தெருத் தெருவாகப் போக வேண்டும். போகிறார். அந்த மனப்பக்குவத்துக்கு நாம் உரிய மதிப்புக் கொடுத்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் கட்சி மறந்து மக்கள் ஒன்றுசேர்ந்தபோதெல்லாம் நிர்வாகம் அதைச் சட்டம் ஒழுங்குச் சிக்கலாகவே பார்த்தது. 2018-ல் 277 கிலோமீட்டர் சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது செங்கம், போளூர் பக்கத்து விவசாயிகள் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டோம் என்று பார்க்காமல் வரப்பில் நின்றார்கள். நிலமெடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 2023-ல் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்தவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. சில நாளிலேயே ஆறு பேர் மீதான உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த ஒற்றுமை தங்கள் அலுவலகத்துக்கு எதிரே நிற்கும்போது மட்டும் கண்ணில் படுகிறது. அதை உள்ளே அழைத்து உட்கார வைத்துப் பேசிய ஆட்சியர் என்ற பெயர் தங்களுக்குக் கிடைக்கட்டும்.

மாநகராட்சியில் பகுதி சபை இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். ஆண்டில் சில நாள் கூடிக் கலையும் சபை, நள்ளிரவில் கதவைத் தட்டாது. கட்சிக்காரர் உள்ளே வந்தால் நிவாரணத்திலும் அரசியல் நுழையும் என்ற அச்சம் நியாயமானது. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொருட்கள் மீது ஸ்டிக்கர் ஒட்டிய புகார்களை யாரும் மறக்கவில்லை. ஆனால் ஒரே கட்சியின் கையில் எல்லாம் இருந்தால்தான் ஸ்டிக்கர் ஒட்ட முடியும். பக்கத்தில் மற்ற மூன்று கட்சிக்காரரும் நின்று, பட்டியலில் நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் முடியாது. கரைவேட்டியும் துண்டும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு அடிவாரத் தெருவுக்கும் பூத் ஏஜென்டுகளோடு மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து இருவர், கிராம நிர்வாக அலுவலர், தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் என்று இருந்தால் போதும். பெண்கள் கட்டாயம் வேண்டும். பூத் பெஞ்சில் அவர்கள் குறைவு, வீட்டு நிலவரம் அதிகம் தெரிந்தவர்களும் அவர்களே. எச்சரிக்கை வந்தால் எந்தப் பள்ளி, எந்த மண்டபம், சாவி யாரிடம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். செப்டம்பருக்குள் முதல் கூட்டத்தை வ.உ.சி. நகரிலேயே வையுங்கள். அழைப்பை மாவட்டச் செயலாளர்கள் வழியாக அனுப்ப வேண்டாம்; அப்படிப் போனால் மேடைக்குப் பழகியவர்களே வந்து சேர்வார்கள். தெருவில் பட்டியல் சுமந்து நடக்கிறவரின் பெயருக்கே, தங்கள் கையெழுத்தோடு, நேராகப் போகட்டும்.

இப்படிக்கு,
மலையடிவாரத்தில் வசிக்கும் ஒரு குடிமகன்