விழுந்தால் யார் சிரிப்பார்கள்?

'தோல்வியே வெற்றிக்கு முதல் படி' என்று பள்ளிச் சுவரில் எழுதிவைக்க நமக்குக் காசு செலவில்லை. அதே சுவருக்குள்தான் தப்பாகப் படித்த பையன் பெஞ்சு மேல் ஏறி நிற்கிறான். கற்க வருபவரிடம் துணிச்சலைக் கேட்கிறோம். தடுமாறினால் அவருக்கு என்ன நட்டம் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்த ஓர் இடம் புதுக்கோட்டை. 1991-இல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்கும் வரை, கையெழுத்துப் போடத் தெரிந்தும் பெண்ணால் எத்தனை தூரம் போய்விட முடியும்?

அரைக்கால் சட்டைப் பையன் குரங்குப் பெடல் அடித்து விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. பிள்ளை பெற்ற பெண் நடுத்தெருவில், புடவைத் தலைப்பு செயினில் மாட்டிக்கொண்டு விழுந்தால்? காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும், ஊர்ப் பேச்சு ஆறாது. பெரியவர்கள் புதிதாக எதையும் தொடத் தயங்குவதற்கு மூளை மந்தம் காரணமில்லை, இந்தப் பேச்சுதான் காரணம் என்பது என் கட்சி.

இயக்கம் பெண்களுக்குத் தைரிய உபதேசம் செய்துகொண்டிருக்கவில்லை. கூட்டமாகக் கற்க வைத்தது. தெருப் பெண்கள் எல்லோரும் ஹேண்டில்பாரோடு மல்லுக்கட்டும்போது வேடிக்கை பார்த்துச் சிரிக்க மிச்சம் யார்? கற்றவர்களே அடுத்தவர்களுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நேற்றுதான் 'பேலன்ஸ்' பிடிபட்டவருக்கு, எந்த நொடியில் பயம் வரும் என்பது நன்றாக நினைவிருக்கும். கைதேர்ந்தவர் அதை மறந்திருப்பார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஆட்சியர் வழி செய்தார். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் இருக்கும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரை நிறைத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

பள்ளிப் பிள்ளை தடுமாறினால் நாம் போடும் கணக்கு வேறு. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தேறாத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம் என்று விதியைத் திருத்தியது. பத்து வயதுப் பிள்ளையின் தடுமாற்றத்துக்கு நாம் வைக்கும் விலை ஒரு முழு வருடம். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட, தம்பி வயதுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வீட்டில் வசதி இருந்தால் டியூஷன் வைப்பார்கள். இல்லாவிட்டால் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ்நாடு இந்தத் திருத்தத்தை ஏற்க மறுத்தது சரியே.

ஆனால், மறுத்ததோடு கடமை தீர்ந்துவிடவில்லை. எழுத்துக்கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேரும் பிள்ளைக்கு நாம் செய்வது சலுகையா, கைகழுவலா? பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க நேரமில்லை. அதற்கான நேரத்தையும் கூடுதல் ஆளையும் அரசு கொடுக்க வேண்டும். தவறாகப் படித்தாலும் சிரிக்காத வகுப்பு கிடைத்தால், அந்தப் பிள்ளை வாய் திறந்து படிக்கும். இப்போது கடைசி பெஞ்சில் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறது.