பேசாக் கற்களும் பேசும் அறிஞரும்

தொல்லியல் என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவன கோயிலும் தூபியும் கல்வெட்டும் முத்திரையுமே. 1980இல் ஆனைக்கோட்டைப் பெருங்கற்காலப் புதைகுழியில் வெளிப்பட்ட எழுத்துப் பொறித்த முத்திரை இன்றும் பெருமையோடு பேசப்படுகின்றது. பேசத்தக்கதே, ஐயமில்லை. ஆயின், அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர் இத்தீவின் கரையோரங்களில் அமர்ந்து கல்லுடைத்துக் கருவி சமைத்த மாந்தரைப் பற்றி யார் பேசுகின்றனர்? அவர்தம் கற்கள் எம்மொழியும் பேசா; எச்சமயத்தையும் சாரா; எவரது உரிமைக்கும் சான்றாகா. அதனாலேயே அவை கேட்பாரற்றுக் கிடக்கின்றன. இம்மனப்பான்மை கண்டிக்கத்தக்கது.

சான்றுகள் இல்லை எனக் கூறுதற்கில்லை. வன்னியிலுள்ள இரணைமடுவின் பெயராலேயே ‘இரணைமடுப் படிவு’ என ஒரு செம்மணற் படிவு புவியியல் நூல்களில் வழங்குகின்றது. தென்கரையில் புந்தல, பத்திராஜவெல ஆகிய இடங்களின் தொன்மணற் குன்றுகளில் சிரான் தெரணியகல நிகழ்த்திய அகழ்வுகள், அப்படிவிலுள்ள கற்கருவிகள் சில ஏறத்தாழ 125,000 ஆண்டுத் தொன்மை உடையனவாகலாம் என உணர்த்தின. பாக்குநீரிணைக்கு அப்பாலும் ஒரு திருநெல்வேலி உண்டு. அச்சீமையின் தேரிகளில், சாயர்புரம் முதலான இடங்களிற் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சொய்னரும் ஓல்சினும் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டனர். மாதோட்டத்திலோ, 1980 முதல் 1984 வரை நடந்த அகழ்வு, துறைமுக நகரின் அடித்தளத்துக்குக் கீழே இடைக்கற்கால மக்களின் தடத்தைக் காட்டியது.

“கருவிகளைப் பொறுக்கி எடுத்து நூதனசாலையில் வைத்தாற் போதாதா?” என்பர் சிலர். போதாது. கல்லாயுதப் பட்டறையொன்றின் செய்தி கருவியில் மட்டும் இல்லை. எறியப்பட்ட செதில்களிலும், எஞ்சிய மூலக்கல்லிலும், அவை கிடக்கும் ஒழுங்கிலும் உள்ளது. செதில்களை மூலக்கல்லோடு மீளப் பொருத்தினால், கைவினைஞன் எவ்வரிசையில் அடித்தான் என்பது புலனாகும். மணல்மணி இறுதியாக வெயில் கண்ட காலத்தை அளந்து படிவின் வயதைக் கணிக்கலாம். அதற்கு அம்மணல் கலையாதும் ஒளிபடாதும் இருத்தல் வேண்டும். பொறுக்கியெடுத்த கல், பக்கம் கிழிந்த ஏடு. அதன் எழுத்து எஞ்சும், பொருள் தொடராது.

“கடலரிப்பு இயற்கையின் செயல், அதற்கு யார் பொறுப்பு?” என்பர் வேறு சிலர். பனியுகக் கடல் உயர்ந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன் இத்தீவைப் பெருநிலத்தினின்றும் பிரித்தது இயற்கையே. அக்காலக் கரைகள் நீரடியில் மறைந்தமைக்கு எவரும் பொறுப்பல்லர். ஆனால் கரைகாக்கும் மணற்குன்றை வெட்டி உழவு இயந்திரத்தில் ஏற்றுவது இயற்கையன்று. குன்று போனால் அலைக்குத் தடையில்லை, அரிப்பு விரையும். அம்பாந்தோட்டை மாவட்டத்து மினி அத்திலியவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுத் தொன்மையான சிப்பிமேடு, சிப்பிக்காகவே தோண்டிச் சிதைக்கப்பட்டது. அங்கிருந்த மனித எலும்புகளை ஆய்வாளர் மீட்டபோது அவை தம் இடம் பெயர்ந்துவிட்டிருந்தன. வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளிலும் அகழ்வு நடைபெறுகின்றது. ஆய்வாளன் முன் செல்லாத இடத்தில் ஏதேனும் அழிந்ததா என்பதையும் அறிய இயலாது.

“அகழ்வும் அழிவே, வருங்காலத்தின் சிறந்த கருவிகளுக்காகக் காத்திருப்போம்” என்னும் வாதமே வலியது. உள்நாட்டு மேடுகளுக்கு அது முற்றும் பொருந்தும். மேடு நாளையும் இருக்கும். அரிக்கப்படும் கரைக்கு அது பொருந்தாது. அங்கு காத்திருத்தல் பேணுதலன்று, கைவிடுதல். ஆகவே முதலில் தோண்ட வேண்டியது எது என்பதைப் புகழ் தீர்மானித்தலாகாது. அழிவின் விரைவே தீர்மானித்தல் வேண்டும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் உண்டு. ஆயின் பதிவாகாத இடத்தைச் சட்டம் எங்ஙனம் காக்கும்? திருநெல்வேலியில் தொல்லியல் கற்பிக்கும் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஆண்டுதோறும் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் மாணவர் அணியொன்று கரையோரம் நடந்து, வெளிப்பட்ட படிவுகளை அளந்து வரைபடத்திற் குறிக்கலாம். அழிவு நெருங்கிய இடத்திற் சோதனைக் குழி இடலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. கயிறும் அரிதட்டும் பொறுமையும் வேண்டும்.

முன்னோரென எவரைக் கொள்வது என்று அறிஞர் வழக்காடட்டும். வழக்கு முடியும்வரை அலை காத்திராது.