உறுமலுக்குள் இருக்கும் வார்த்தைகள்



வாலிபப் பிள்ளைகளின் ஹெட்போனிலிருந்து கசியும் ஒருவித உறுமலைக் கேட்டுத் திடுக்கிட்டவர்கள் நம்மில் அநேகர். “இது அசுத்த ஆவியின் சத்தமா?” என்பதே உடனே எழும் கேள்வி. கேள்வி நியாயமானது. பதிலையோ நிதானமாகத் தேடவேண்டியிருக்கிறது.

டெத் மெட்டல், பிளாக் மெட்டல் முதலிய இசைவகைகளுக்கு ‘எக்ஸ்ட்ரீம் மெட்டல்’ என்பது பொதுப்பெயர். கிதாரின் சுருதியை வெகுவாகத் தாழ்த்தி, டிரம்ஸை மிகுந்த வேகத்தில் அடித்து, உறுமும் குரலில் பாடுவது இதன் இலட்சணம். இது தூரதேசத்துச் சரக்கு மாத்திரமல்ல. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டீமானிக் ரெசரெக்‌ஷன்’ என்னும் குழு மும்பையைச் சேர்ந்ததே.

முதலாவது, அந்தக் குரலைக் குறித்து ஒரு வார்த்தை. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் சதை மடிப்புகளையும் அதிரச்செய்து எழுப்பப்படும் ஒலி அது. அமெரிக்காவின் ‘லோர்னா ஷோர்’ குழுவின் பாடகர் வில் ராமோஸ் உறுமும்போது, அவருடைய தொண்டைக்குள் சிறிய கேமராவைச் செலுத்திப் படம்பிடித்திருக்கிறார்கள். பயிற்சியினால் வரும் சரீர வித்தையே அங்கே காணப்பட்டது. ஆகவே, சத்தத்தை வைத்து மாத்திரம் தீர்ப்புச் சொல்ல இயலாது.

பயத்திற்குக் காரணம் உண்டா?

உண்டு. ‘பிளாக் மெட்டல்’ என்ற பெயர், இங்கிலாந்தின் ‘வெனம்’ குழு 1982-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. அவர்கள் சாத்தானின் பெயரைப் பெரும்பாலும் மேடைக் கவர்ச்சிக்காகவே பயன்படுத்தினார்கள். ஆனால் நார்வே தேசத்து வாலிபர் சிலர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 1150-இல் கட்டப்பட்ட ஃபான்டாஃப்ட் மர ஆலயம், 1992 ஜூன் 6 அன்று பெர்கன் நகரருகே எரிந்து சாம்பலாயிற்று. வேறு பல ஆலயங்களும் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டு ‘மேஹெம்’ குழுவின் கிதார் கலைஞர் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கும் சில ஆலயங்களை எரித்த குற்றத்திற்கும் ‘பர்சூம்’ என்ற பெயரில் இசையமைத்த வர்க் விகர்னெஸுக்கு 1994-இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விளையாட்டாகத் தொடங்கிய வார்த்தை, பத்தே ஆண்டுகளில் நெருப்பாக மாறியதைக் கவனியுங்கள்.

அதே 1994-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு மறுமொழி வந்தது. ஜேசன் ஷெர்லாக் என்னும் கிறிஸ்தவ இசைஞர், ‘ஹோர்ட்’ என்ற பெயரில் எல்லா வாத்தியங்களையும் தாமே இசைத்து ‘ஹெல்லிக் உஸ்வார்ட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். இசை அதே பிளாக் மெட்டல். வார்த்தைகளோ சாத்தானுக்கு விரோதமானவை. அவர் முன்பு டிரம்ஸ் வாசித்த ‘மோர்டிஃபிகேஷன்’ குழுவின் தலைவர் ஸ்டீவ் ரோ, 1996-இல் இரத்தப் புற்றுநோயால் பீடிக்கப்பட்டு, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பிழைத்தெழுந்தார். அந்தக் குழு 1998-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயருக்கு ‘இரக்கத்தின் வெற்றி’ என்பது பொருள். அந்த உறுமலுக்குள் ஒரு சாட்சி இருந்தது.

அண்மையில் வந்தவை

புதிய ஆல்பங்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம்.

அமெரிக்காவின் ‘டீசைட்’ குழு 2024-இல் ‘பேனிஷ்ட் பை சின்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. கடவுளைக் கொல்லுதல் என்பதே அக்குழுவின் பெயருக்குப் பொருள். பாடல்களும் அந்தப் பகையையே பேசுகின்றன. போலந்தின் ‘பெஹிமோத்’ 2025-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பை இந்தப் பக்கத்தில் அச்சிடவும் இயலாது. இவற்றை வேண்டாம் என்று சொல்ல நாம் தயங்கவேண்டியதில்லை.

சுவீடனின் ‘ஓபெத்’ 2024 நவம்பரில் வெளியிட்ட ஆல்பம் வேறு விதம். முதல் உலகப்போருக்குப் பிந்திய காலத்தில் ஒரு செல்வந்தர் மரிக்கிறார். அவருடைய உயில் வாசிக்கப்படும்போது, குடும்பம் மறைத்துவைத்திருந்த இரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியாகின்றன. சொத்துக்காகப் பிரிந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமானதன்று.

‘பிளட் இன்கன்டேஷன்’ என்னும் அமெரிக்கக் குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆல்பத்தில், சுமார் இருபது நிமிட அளவில் இரண்டே நெடும்பாடல்கள். விண்வெளியைக் குறித்தும் மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதைக் குறித்தும் அவர்கள் கற்பனை செய்கிறார்கள். அவர்களுடைய பதில் நம்முடைய பதில் அல்ல. ஆயினும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசத்தக்க கேள்வி அது.

மேலே சொன்ன லோர்னா ஷோர் 2025 செப்டம்பரில் வெளியிட்ட ஆல்பத்தில் ‘கிளென்வுட்’ என்றொரு பாடல் உண்டு. தம் தகப்பனோடு ஏற்பட்ட பிரிவைக் குறித்தே ராமோஸ் அதில் கதறுகிறார். உங்கள் மகன் இரவில் கேட்பது அந்தப் பாடலாக இருந்தால், அதைப் பறித்துக்கொள்வதினால் உங்களுக்கு என்ன லாபம்?

செய்யவேண்டியது என்ன?

ஒன்று, வார்த்தைகளை வாசியுங்கள். அந்தக் குரலில் பாடல் வரிகள் விளங்காது. ஆனால் அவை பெரும்பாலும் அச்சில் கிடைக்கும். பிள்ளையிடமே கேட்டு, அவனோடு சேர்ந்து வாசியுங்கள். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசுவதற்கு முன்பு அவர்களுடைய பலிபீடங்களைச் சுற்றிப்பார்த்து, அவற்றில் எழுதியிருந்ததையும் வாசித்தார் (அப்போஸ்தலர் 17).

இரண்டு, தேவதூஷணம் இருந்தால் இன்ன வரியில் இருக்கிறது என்று காட்டிச் சொல்லுங்கள். காரணம் காட்டாமல் எல்லாவற்றையும் ‘பிசாசின் இசை’ என்று தள்ளினால், மெய்யான ஆபத்தை நீங்கள் சுட்டிக்காட்டும் நாளிலும் அவன் உங்களை நம்பமாட்டான்.

மூன்று, கோபத்தில் ஹெட்போனை உடைக்காதீர்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்துவதைக் குறித்துத் தகப்பன்மாருக்கு எபேசியர் 6:4 தரும் எச்சரிப்பு இன்றைக்கும் உரியதே. உடைத்துப்போட்டால் அவன் வேறொன்று வாங்கிக்கொள்வான். அதில் என்ன கேட்கிறான் என்பதை உங்களுக்குச் சொல்லமாட்டான்.

ஊரில் இருந்திருந்தால் தாத்தாவும் சித்தப்பாவும் அத்தையும் அவனோடு பேசியிருப்பார்கள். இந்த நகரத்தில் அவனுக்கு நீங்கள் மாத்திரமே இருக்கிறீர்கள். அவன் என்ன கேட்கிறான் என்று இந்த வாரமே விசாரியுங்கள். அவன் சொல்லத் தொடங்கும்போது, முழுவதையும் கேட்டு முடியுங்கள்.