நாடகம் பார்க்காமலே நாடகப் பாடம்!

தமிழ் இலக்கியம் படிக்கும் ஒரு மாணவியிடம் எழினி எத்தனை வகை என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. சிலப்பதிகாரத்து மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம், ஒரு கோலுக்கு 24 விரல். அதையும் ஒப்பிப்பாள். சரிம்மா, கடைசியாக எப்போது ஒரு திரை விலகுவதை நேரில் பார்த்தாய் என்று கேளுங்கள். ஸ்கூல் ஆண்டு விழாவில் என்பாள். (அதிலும் பாதி நேரம் ரெக்கார்டு டான்ஸ்.)

அவள் மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகருக்கோ அருப்புக்கோட்டைக்கோ பஸ் ஏறிப் போகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் இது வேடிக்கையும் வேதனையுமாக ஆகிறது. அந்தக் கரிசல் பக்கத்தில் கோயில் பொங்கல் என்றால் ஸ்பெஷல் நாடகம் என்றிருந்தது ஒரு காலம். இன்று குறைந்துவிட்டது, ஆனால் ஒழிந்துவிடவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ நடக்கும். அவளுடைய அப்பத்தா சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்தவர். எந்த ராஜபார்ட்டுக்குக் குரல் எட்டுகிறது, எவர் பாதியில் தடுமாறுகிறார் என்று விடிந்ததும் தெருவில் நின்று விமரிசனம் செய்தவர். பேத்திக்கு நாடகத் தாளில் எண்பது மார்க். ஒரு நாடகம் நன்றாக இருந்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாது!

குற்றம் பேத்தியுடையது அல்ல. பாடத்திட்டத்துடையது. நாடகம் என்ற பெயரில் நம் கல்லூரிகள் முதல் ஆண்டில் பெரும்பாலும் நடத்துவது நாடக இலக்கியமும் நாடக வரலாறும்தான். மனோன்மணீயம் (1891) எடுத்துக்கொள்ளுங்கள். பெ. சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபு எழுதிய ஓர் ஆங்கிலக் கதையைத் தழுவி எழுதியது. படிப்பதற்காக எழுதப்பட்ட நாடகம் என்று பாடம் நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். நல்ல நூல்தான், சந்தேகமில்லை. ஆனால் மேடைக்கலையை அறிமுகப்படுத்த முதலில் எடுக்க வேண்டியது அதுவா? சமையல் வகுப்பில் அடுப்பே பற்றவைக்காமல் மளிகைச் சீட்டை மனப்பாடம் செய்ய வைப்பது போல.

அடுத்து பெயர்ப் பட்டியல். நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார், சுகுண விலாச சபை 1891. நாடகத் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1867 - 1922. தந்தை யார், தலைமையாசிரியர் யார் என்று பொருத்துக. முடிந்தது பாடம்.

அந்தத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த நாடகங்கள் எப்படி இன்னும் ஓடுகின்றன என்று யாராவது வகுப்பில் சொல்கிறார்களா? ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். ஆர்மோனியக்காரர் இன்னொரு பக்கத்திலிருந்து வருவார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. அன்று இரவுதான் முதல்முறையாகச் சந்திக்கிறவர்கள்கூட உண்டு. ஆனாலும் நாடகம் நடக்கும். எப்படி? கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு எல்லோருக்கும் பாடம். எதிரில் நிற்பவர் எவ்வளவு தூரம் போவார், எங்கே விட்டுக்கொடுப்பார் என்பதை மேடையிலேயே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும் இடத்தில் இது நிஜமாகவே போட்டி. பதில் வராவிட்டால் கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். சுருதியையும் நேரத்தையும் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் கையில் வைத்திருக்கிறார். உலகமெங்கும் நாடகப் பள்ளிகளில் காசு வாங்கிக்கொண்டு 'அந்தக் கணத்தில் நடிப்பது' என்று சொல்லித் தருகிறார்களே, அது இங்கே ஊர்ப் பொட்டலில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

பிரதி வேறு, நாடகம் வேறு என்பதற்கு இந்த மாவட்டமே ஒரு சாட்சியைத் தந்திருக்கிறது. விஸ்வநாத தாஸ். 1886-இல் சிவகாசியில் பிறந்தவர். திருமங்கலத்தில் வாழ்ந்தவர். பாடப்புத்தகத்தில் 'விடுதலைப் போரில் நாடகம்' என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

அவர் செய்தது என்ன? வள்ளி திருமணம் பக்தி நாடகம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி அதில் உண்டு. அந்த மேடையில் அவர் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடினால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். கொக்கு யார் என்று கூட்டத்துக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியும். 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் அரசின் கையில் இருந்தது. ஆனால் தடை செய்ய முருகன் கதையில் என்ன இருக்கிறது? கதையைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. நடந்ததெல்லாம் குரலிலும், பார்வையிலும், கேட்டவர்களின் ஆரவாரத்திலும். பலமுறை சிறைக்குப் போனார், திரும்பி வந்து மறுபடி மேடை ஏறினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். நாடகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றைய போலீஸ்காரருக்குத் தெரிந்திருந்தது. மேடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பார்த்தார். இன்றைய பாடத்திட்டம் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடுவதில்லை :-)

இன்னொன்றும் அந்த இரண்டு வரியில் வராது. தாஸ் மருத்துவர் சமூகத்தில், அதாவது முடிதிருத்துபவர் சமூகத்தில் பிறந்தவர். அந்தக் காரணத்துக்காக அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தபோது, துணிந்து நடித்தவர் கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. ஆன அதே ஜானகி அம்மாள். யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதே ஒரு போராட்டமாக இருந்த மேடை அது. நாடகத்தைக் கலையாகப் படிப்பது என்றால் இதையும்தானே படிக்க வேண்டும்?

இதற்கு வரும் பதில்கள் தெரிந்தவைதான். "ஸ்பெஷல் நாடகம் ஆபாசம் சார், பபூனும் டான்ஸும் பேசுவதைப் பிள்ளைகள் கேட்கலாமா?" உண்மை, இரட்டை அர்த்தம் உண்டு. சில இரவுகளில் சகிக்கவே முடியாது. ஷேக்ஸ்பியரின் கோமாளிகள் பேசுவது மட்டும் என்னவாம்? அதற்கு அடிக்குறிப்புப் போட்டு ஆங்கில வகுப்பில் விளக்குகிறார்களே. அதே இரவில் விடியும் நேரத்தில் சந்திரமதி மயானத்தில் அழும்போது ஊரே அழுகிறது. கொச்சையும் உருக்கமும் ஒரே மேடையில் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பது எவ்வளவு நல்ல கேள்வி! அதைக் கேட்காமல் 'கூத்தாடி' என்று ஒதுக்கினால், அந்த மேடையில் வேலை செய்யும் பெண்கள்மேல் ஊர் வைத்திருக்கும் பழிச்சொல்லுக்குக் கல்லூரியும் ஒரு முத்திரை குத்திக் கொடுக்கிறது. பெண் பிள்ளைகளை ராத்திரி அனுப்ப முடியாது என்பது நியாயமான கவலை. கலைஞர்களைப் பகலில் கல்லூரிக்கு அழையுங்கள். பேசிய சம்பளத்தைக் கொடுங்கள். மூன்று மணி நேரம் போதும்.

"நவீன நாடகம்தானே கலை?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. 1977-இல் காந்திகிராமத்தில் நாடகப் பட்டறை நடந்தது. அதே ஆண்டு ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். அந்தப் பெயரிலேயே கூத்து இருக்கிறது! தெருக்கூத்தைப் பார்த்து மிரண்டுபோனவர் அவர். மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் நவீன நாடகம் எழுதினார், தொகுப்புக்குப் பெயர் 'அரவான்'. பழைய மேடையைத் தாண்டிப் போனவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் தாண்டினார்கள்.

ஆகவே ஒரு சின்ன மாற்றம். முதல் செமஸ்டரில் ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு முழு நாடகம் பார், பபூன் வருவதிலிருந்து மங்களம் பாடும் வரை. நடிகர் எங்கே கதையை விட்டு விலகினார், கூட்டம் எங்கே எழுந்து போனது, போனவர்கள் எதற்குத் திரும்பி வந்தார்கள், இதை எழுது. வீட்டில் அப்பத்தா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவர் சொல்வதையும் எழுது. மார்க் போடும்போது அப்பத்தா சொன்னதற்குத் தனியாக ஐந்து மார்க்.