பெருநாளுக்கு முன்னே பேசிவிடுங்கள்



இந்தப் பகுதியில் இரத்த அழுத்தம், இனிப்பு நீர், பாம்புக்கடி என்றுதான் வழக்கமாகப் பேசுவோம். இந்த முறை கடனைப் பற்றிப் பேசப் போகிறேன். "டிரசருக்கும் கடனுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் தோட்ட மருந்தகத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தலைவலி, தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு மெதுவாக விசாரித்தால், பலருக்கும் நோய் தொடங்கிய இடம் கிறிஸ்துமஸ் செலவாக இருக்கும். இந்துத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். தீபாவளி முடிந்ததும் உங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்த அம்மா பால்மரம் வெட்டுகிறவர். கணவர் செம்பனைக் குலை அறுக்கிறவர். நல்ல உழைப்பாளிகள், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள். ஒரு நாள் அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அழுத்தம் 170-க்கு 100. மருந்து கொடுத்தேன், இறங்கவில்லை. உப்பைக் குறைக்கச் சொன்னேன், அப்போதும் இறங்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"ஐயா, போன கிறிஸ்துமஸுக்கு 1,500 வெள்ளி வட்டிக்கு வாங்கினேன். அவருக்குத் தெரியாது. பேங்க் கார்டு அந்த ஆள்கிட்டதான் இருக்கு."

எதற்கு வாங்கினார்? பட்டணத்திலிருந்து நாத்தனார் குடும்பம் வரும். பிள்ளைகளுக்குப் புதுத்துணி, கேக்கு, கோழிக்கறி, ஆட்டுக்கறி எல்லாம் வேண்டும். "ஒன்னுமில்லாத வீட்டுல வாக்கப்பட்டாளேன்னு என்னைப் பேசக்கூடாதுல்ல" என்றார். மாதத்துக்கு நூற்றுக்கு இருபது வட்டி. சம்பளம் விழுந்ததும் 300 வெள்ளியை அந்த ஆள் எடுத்துக்கொள்வான். ஓராண்டில் வட்டி மட்டும் 3,600 வெள்ளி போயிருந்தது. முதல் 1,500 அப்படியே நின்றது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றான். கணவருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கத்தினார், இவர் அழுதார். நாத்தனார், "நாங்க என்ன ஆட்டுக்கறியா கேட்டோம்?" என்று எழுந்தார். பிள்ளைகள் குடிலுக்குப் பக்கத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிரவு பூசைக்கு யாரும் போகவில்லை.

அப்புறம் ஒன்று தெரிய வந்தது. கணவரும் தம்பியின் மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் போட்டு, அந்தத் தவணையைத் தாமே கட்டிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தெரியாது! ஒரே வீட்டில், ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு கடனை ஒளித்து வைத்திருந்தார்கள்.

தோழர்களே, என் கருத்து இதுதான்: கடனை விடப் பெரிய நோய், கடனை மறைப்பது.

மறைக்கிறவனுக்குத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் அழுத்தம் ஏறும். பயமும் கவலையும் உடம்பில் சுரக்க வைக்கும் நீர்கள் இரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். செலவைக் குறைக்கிறேன் என்று கிளினிக்குக்குப் போகாமல், மருந்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குச் சாதாரண வைத்தியத்துக்கு ஒரு வெள்ளிதான், அதை மறக்க வேண்டாம். இன்னும் சிலர் கவலையை மறக்கச் சம்சுவைத் தொடுகிறார்கள். குடி கவலையையும் தீர்க்காது, கடனையும் தீர்க்காது, ஈரலைத்தான் தீர்க்கும்.

"கூலிக்காரனுக்கு ஊதாரித்தனம் ஜாஸ்தி" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள். ஆண்டுக் கடைசி மழைக்காலம். மழை நாளில் பால்வெட்டு கிடையாது. செம்பனையிலும் அந்த மாதங்களில் குலை குறையத் தொடங்கும். வருமானம் இறங்குகிற மாதத்தில்தான் பெருநாள் வருகிறது. 2026 முதல் பள்ளி ஆண்டும் பழையபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சீருடை, காலணி, புத்தகப்பை வாங்க வேண்டும். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் ஒரு குடும்பம் சேமித்து வைக்க எவ்வளவு மிஞ்சும்? ஆகவே நியாயமான சம்பளத்துக்காகச் சங்கம் போராடத்தான் வேண்டும். ஆனால் சம்பளம் உயரும்வரை நம் உடம்பும் குடும்பமும் தாங்க வேண்டுமே! அதற்கு நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது: பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். கடைக் கணக்கு, கைபேசியில் வாங்கிய தவணை, கூட்டு, ஜாமீன், அண்ணன் தம்பியிடம் வாங்கியது, ஒன்றையும் விட வேண்டாம். எழுதும்போது சண்டை வரலாம். வரட்டும். நவம்பரில் நாலு சுவருக்குள் வருகிற சண்டை, டிசம்பர் 24-இல் ஊரார் முன்னால் வருகிற சண்டையை விட மேல்.

இரண்டாவது: வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18, அடமானத்தோடு என்றால் 12, இதற்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைச் சட்டத்தின் கீழ் உள்ள வரம்பு. அந்த அம்மாவின் 1,500 வெள்ளிக்கு 18 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 270 வெள்ளிதான். அவர் கட்டியதோ 3,600! உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றம். குற்றவாளி கொடுத்தவன், வாங்கியவர் அல்ல. மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். பேங்க் கார்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் வங்கிக்குப் போய் அதை ரத்து செய்து புதுக் கார்டு எடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் கிளைத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மூன்றாவது: வங்கிக் கடன், வண்டித் தவணை, கடன் அட்டை இவற்றில் சிக்கியவர்களுக்கு ஏகேபிகே என்ற அமைப்பு இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஆலோசனைக்குக் காசு இல்லை. வங்கிகளோடு பேசித் தவணையைக் குறைத்துக் கட்ட வழி செய்வார்கள். ஆலோங் கடனில் அவர்கள் தலையிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது: சேமநிதியில் 2024 மே மாதம் முதல் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. அதைத் துணிமணிக்கும் கேக்குக்கும் எடுக்காதீர்கள். மாதாமாதம் சம்பளத்தைத் தின்னும் வட்டிக் கடனின் முதலை ஒரேயடியாகக் கட்டுவதற்கு என்றால் மட்டும் யோசியுங்கள். அது உங்கள் முதுமைக்கான சோறு. பெருநாள் நெருக்கத்தில் கூட்டு எடுத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டே சட்டம் தடை செய்துவிட்டது. பிடித்தவர் ஓடிப்போனால் பணத்தை மீட்பது குதிரைக் கொம்பு.

ஐந்தாவதுதான் கஷ்டமானது: சொந்தபந்தத்திடம் சொல்வது. உறவுக்காரர் கொடுத்த கைமாற்றுக்கு வட்டி இல்லை. ஆகவே பணம் கடைசியில் போகலாம். ஆனால் வார்த்தை முதலில் போக வேண்டும். "அண்ணே, இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள முடியாது. மார்ச்சுல இருந்து மாசம் ஐம்பது வெள்ளி தர்றேன்" என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் விருந்தில் நாலு பேர் முன்னால் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். விருந்தாளிகளுக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள்: "வாங்க, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஆளுக்கொரு சட்டி கொண்டாங்க." பிள்ளைகளிடமும் ஒளிக்க வேண்டாம். ஒரு சட்டைதான் என்று முன்பே சொன்னால் பிள்ளை ஏற்றுக்கொள்ளும். பெருநாள் காலையில் ஏமாந்தால்தான் அழும்.

நான் சொன்ன அந்தக் குடும்பம் அப்படித்தான் செய்தது. அந்த அம்மா இரண்டு வளையலை விற்று முதலைக் கட்டினார். அடகு வைக்கவில்லை, விற்றார். கார்டு கைக்கு வந்தது. தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார்கள், அவன் பாதித் தவணையை ஏற்றுக்கொண்டான். அடுத்த நவம்பரில் கணவரே அக்காவுக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் சுருக்கமாத்தான் கா" என்றார். அக்காவுக்குக் கோபம். அந்த ஆண்டு வரவில்லை. வீட்டில் கோழிக்கறியும் முறுக்கும்தான். நள்ளிரவுப் பூசைக்கு எல்லோரும் போய் வந்தார்கள். மறு ஆண்டு அக்கா வந்தார், பிரியாணிச் சட்டியோடு. அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் அழுத்த மருந்து உண்டு. அதை நான் நிறுத்தவில்லை. ஆனால் இப்போது மருந்து வேலை செய்கிறது.

கடைசியாக ஒன்று. கடன் நெருக்கி, "செத்துப்போனா நல்லது" என்ற நினைப்பு வந்தால், அதையும் மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். மருந்தகக் கதவைத் தட்டுங்கள், இரவானாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் யாராவது சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் நீங்களே போய் விசாரியுங்கள்.

கடன் ஒரு நாளில் தீராது. ஆனால் அதை மறைப்பதை இன்றைக்கே நிறுத்தலாம். இன்று ராத்திரி ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள்.

அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அடுத்த இதழில் சந்திப்போம்.