கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாம், எங்கள் நாக்கை என்ன செய்வது?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்துவிட்டு வீட்டில் உள்ள பெண்களுக்கும் காட்டுங்கள். ஆண்கள் "இது பொம்பளைகள்ட விசயம்" என்று கடந்து போக வேண்டாம். பதிவின் பாதி உங்களுக்குத்தான்.

போன தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு டீச்சர் போனை நீட்டினார். கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சைக்கான விளம்பரம். லிப்போசக்ஷன் என்று சொல்வார்களே, அதுதான். வயிறு, இடுப்பு, தொடை மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெக்கேஜ். காலையில் வந்தால் மாலையில் வீட்டுக்குப் போகலாமாம். தவணை முறையிலும் கட்டலாமாம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

இடைவேளை முடிந்து மற்றவர்கள் வகுப்புக்குப் போன பிறகு அவர் எங்களில் இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னார். சீட்டு விழுந்த காசு 6 இலட்சம் கையில் இருக்கிறது. போதாததுக்கு இரண்டு காப்பை அடகு வைக்கப் போகிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று பிள்ளைகளின் தாய், கடைசிப் பிள்ளைக்கு 14 மாதம். ஏன் இந்த அவசரம் என்று கேட்டோம். ஒரு வலிமாவில் கணவரின் சாச்சி பத்துப் பேர் முன்னால் கேட்டாராம்: "என்ன மகள், வயித்துல இன்னும் ஒன்டு இருக்கா?"

அந்த ஒரு வார்த்தையின் விலைதான் 6 இலட்சமும் இரண்டு காப்பும். அவர் அனுமதி தந்ததால்தான் இதை எழுதுகிறோம். பெயர் கேட்டு இன்பொக்ஸ் வரவேண்டாம்.

முதலில் விளம்பரங்கள் சொல்லும் பொய்களைப் பார்ப்போம்.

பொய் ஒன்று: இது உடல் எடை குறைக்கும் சிகிச்சை.

இல்லை. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பை மட்டுமே குழாய் விட்டு உறிஞ்ச முடியும். சீனி வருத்தத்துக்கும் மாரடைப்புக்கும் வழி விடுகிற ஆபத்தான கொழுப்பு வயிற்றுக்கு உள்ளே, குடல், ஈரல் என்பவற்றைச் சுற்றி இருக்கிறது. குழாய் அங்கே போவதில்லை, போகவும் கூடாது. 2004ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் சஞ்சிகையில் வந்த ஆய்வொன்றில், அதிக எடையுள்ள 15 பெண்களிடமிருந்து தலைக்கு ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு கிழமை கழித்துப் பரிசோதித்தால் பிரஷர், கொலஸ்ட்ரோல், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் முன்னேற்றம் இல்லை. அதாவது சட்டையின் அளவு மாறியது, நோய் மாறவில்லை.

இந்தச் சிகிச்சை யாருக்குப் பொருந்தும்? ஏற்கெனவே சரியான எடைக்குக் கிட்ட இருப்பவர், தோல் இறுக்கமாக இருப்பவர், புகைக்காதவர், சாப்பாட்டாலும் நடையாலும் குறையாத ஓரிரு இடத்துக் கொழுப்பு மட்டும் உள்ளவர். எடையைக் குறைக்க வேண்டியவர் இந்தக் கதவைத் தட்டினால் நல்ல வைத்தியர் திருப்பி அனுப்புவார். கெட்ட வியாபாரி பில் எழுதுவார்.

பொய் இரண்டு: இது சின்ன வேலை, பல் பிடுங்குவது மாதிரி.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். முதலில் உப்புக் கரைசலுடன் விறைக்கச் செய்யும் லிடோகெயின் மருந்தையும் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினையும் கலந்து, அந்தத் திரவத்தைத் தோலுக்குக் கீழே நிறையச் செலுத்துவார்கள். சிறு துவாரம் இட்டு உலோகக் குழாயை உள்ளே விட்டு முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பைத் தளர்த்தி உறிஞ்சுவார்கள். இந்தத் திரவ முறையை 1980களில் ஜெஃப்ரி க்ளைன் என்ற அமெரிக்கத் தோல் வைத்தியர் கொண்டு வந்த பிறகு இரத்த இழப்பு பெரிதும் குறைந்தது. அது உண்மை. அதற்காக ஆபத்து இல்லை என்று ஆகாது.

கால் நரம்பில் இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். கொழுப்புத் துணிக்கை இரத்தத்தில் கலந்து மூச்சை நிறுத்தலாம். குழாய் தவறினால் குடலில் ஓட்டை விழலாம். கிருமி தொற்றலாம். உடம்பின் நீர்ச் சமநிலை குலைந்து நுரையீரலில் நீர் சேரலாம். லிடோகெயின் அளவு மிஞ்சினால் மூளையையும் இதயத்தையும் தாக்கும். அந்த மருந்து இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது பல மணித்தியாலங்கள் கழித்துத்தான். "மாலையில் வீட்டுக்குப் போகலாம்" என்பவர்கள், அந்த நேரத்தில் நீங்கள் வேனில் ஊருக்கு வந்துகொண்டிருப்பீர்கள் என்பதைச் சொல்வதில்லை. 5 லீற்றருக்கு மேல் எடுத்தால் இரவு வைத்தியசாலையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது நிபுணர்களின் வழிகாட்டல்.

1990களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒருவர் இறந்ததாகத் தெரியவந்தது. அதன் பிறகு கவனம் கூடி, ஒழுங்கான இடங்களில் ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் போய் மௌத்தான செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. 21 வயது. "அய்யோ பாவம்" என்று எழுதிய அதே குழுவில்தான் இன்றைக்கு இந்த விளம்பரமும் வருகிறது.

பொய் மூன்று: ஒருமுறை எடுத்தால் திரும்ப வராது.

எடுத்த கலங்கள் வராதுதான். மிச்சக் கலங்கள் உடம்பு முழுக்க இருக்கின்றனவே! சாப்பாடும் அசைவும் பழையபடியே இருந்தால் அவை பெருக்கும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தொடையில் கொழுப்பு எடுத்த பெண்களுக்கு ஒரு வருடத்துக்குள் எடுத்த அளவு கொழுப்பு திரும்பி வந்திருந்தது. தொடைக்கு அல்ல, வயிற்றுக்கு. காசு கொடுத்து இடம் மாற்றிய கதை.

இன்னொன்று. சில அழகு நிலையங்களில் "கொழுப்புக் கரைக்கும் ஊசி" போடுகிறார்களாம். அமெரிக்க மருந்து அதிகாரசபை 2015இல் இப்படியான ஒரு ஊசியை அனுமதித்தது நாடிக்குக் கீழே உள்ள கொழுப்புக்கு மட்டும். அதையும் பயிற்சி பெற்ற வைத்தியர்தான் போட வேண்டும். வயிற்றுக்கும் தொடைக்கும் பெயர் தெரியாத போத்தலில் இருந்து ஊசி போடும் இடத்தில் உங்கள் தோலில் ஆறாத புண்ணும் தழும்பும் மிஞ்சலாம். புருவம் திருத்தும் கை ஊசி போடும் கை அல்ல.

இந்தச் சிகிச்சையே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. லிப்பிடீமா என்ற நோயில் கால்களில் வலியோடு கொழுப்பு திரளும், அவர்களுக்கு இது நிவாரணம். ஆண்களுக்கு மார்பு பெருக்கும் பிரச்சினையிலும் பயன்படுத்துகிறார்கள். மார்க்க ரீதியாக எது சிகிச்சை, எது படைப்பை மாற்றுவது என்பதை உலமாக்களிடம் கேளுங்கள், அது எங்கள் வேலை அல்ல. உடம்பு அமானிதம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அமானிதத்தை விசாரிக்காமல் யார் கையிலும் கொடுப்பதில்லை.

ஆகவே முடிவெடுக்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

வைத்தியர் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா? இலங்கை மருத்துவ சபையில் நிபுணராகப் பதிவு உண்டா? "கொஸ்மெட்டிக் டொக்டர்" என்ற போர்டு பதில் அல்ல.

அந்த இடம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிவு செய்யப்பட்டதா?

மயக்க மருந்து நிபுணர் கூடவே இருப்பாரா? திடீரென்று மூச்சுத் திணறினால் ஐ.சி.யூ. அங்கேயே இருக்கிறதா, எத்தனை நிமிடத் தூரத்தில் இருக்கிறது?

எத்தனை லீற்றர் எடுக்கப் போகிறார்கள்? சீனி, பிரஷர், இரத்தம் உறையும் தன்மை பரிசோதித்தார்களா? நீங்கள் குடிக்கும் மருந்துகள், கருத்தடை மாத்திரை உட்பட, எல்லாம் கேட்டார்களா?

சொன்ன விலையில் இறுக்க உடை, மருந்து, திரும்பப் பார்க்கும் செலவு எல்லாம் அடங்குமா? கிழமைக்கணக்கில் இறுக்க உடை போட வேண்டும், வீக்கம் முழுக்க வடிய மாதங்கள் ஆகும். கைப்பிள்ளையைத் தூக்கவும் கிணற்றில் வாளி இழுக்கவும் யார் இருக்கிறார்கள்?

இந்தியாவுக்குப் போய்ச் செய்வதாக இருந்தால், திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியர் பொறுப்பு?

செய்துகொண்ட பிறகு மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால், வயிறு தாங்க முடியாமல் வலித்தால், காய்ச்சல் அடித்தால் "வெட்கம், யாருக்கும் சொல்லலையே" என்று படுத்திருக்க வேண்டாம். உடனே பக்கத்து அரச வைத்தியசாலைக்குப் போய், செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இரகசியமாகச் செய்வதன் மிகப் பெரிய ஆபத்தே இதுதான்.

இப்போது எங்கள் டீச்சருக்கு வருவோம். எங்களில் இரண்டு பேர் அவருடன் ஒரு சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனோம். அவர் படுக்க வைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னார். வயிற்றின் நடுவில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை. மூன்று பிரசவத்தில் நடுத் தசைகள் விலகியிருக்கு. உறிஞ்சி எடுத்தால் தோல்தான் தொங்கும். முதலில் பிசியோதெரபிக்குப் போங்கள்." இரத்தமும் சோதிக்கச் சொன்னார். சீனி கூடியிருந்தது. 33 வயதில். 6 இலட்சத்தைக் கட்டியிருந்தால் இந்த இரண்டு விசயமும் தெரியாமலே போயிருக்கும்.

அவருடைய வயிறு இன்னும் முழுக்க வற்றவில்லை. கலியாண வீட்டுக்குப் போக இன்னும் தயங்குகிறார். அதற்கு எந்த நிபுணரிடமும் மருந்து இல்லை. ஏனென்றால் அந்த வருத்தம் எங்களிடம் இருக்கிறது.

ஆம், எங்களிடம்தான். பெண் பார்க்கப் போய் "முகம் நல்லம், உடம்புதான் கொஞ்சம்" என்று தரகரிடம் சொல்லி அனுப்புவது யார்? நாற்பது நாள் முடியும் முன் பிள்ளை பெற்றவளின் இடுப்பை அளப்பது யார்? வகுப்பில் ஒரு பிள்ளையை "குண்டு" என்று கூப்பிடும்போது சேர்ந்து சிரித்த ஆசிரியர்கள் நாங்கள் இல்லையா? அந்தப் பிள்ளை ஏழாம் ஆண்டிலிருந்து இன்டர்வெலில் சாப்பிடாமல் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லையே!

அதே நேரம் பெண்ணை வீட்டுக்குள் இருத்தி, நோன்பு முப்பது நாளும் எண்ணெயில் பொரிக்க விட்டு, சஹனைச் சுற்றி உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் போடு" என்று வற்புறுத்துவதும் நாங்கள்தான். ஊரில் அஸருக்குப் பிறகு மைதானம் முழுக்க ஆண் பிள்ளைகள், கிரிக்கெட் கழகங்கள் ஆறேழு. ஒரு பெண் நடக்க இடம் எது? வீதியில் நடந்தால் "எங்க போறா?" என்ற கேள்வி. நடக்க இடம் கொடுக்காத ஊர், அவள் தடித்துவிட்டாள் என்று பேச என்ன உரிமை வைத்திருக்கிறது?

ஆகவே பள்ளிவாசல் நிருவாகத்தினரிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பகிரங்கமாகக் கேட்கிறோம். கிழமையில் மூன்று நாள், சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், மதில் கட்டிய பாடசாலை மைதானத்தைப் பெண்களுக்கு மட்டும் திறந்து விடுங்கள். செலவு இல்லை. வாசலில் நிற்க நாங்கள் முறை வைத்து வருகிறோம். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

35 வயது தாண்டியவர்களே, அரச வைத்தியசாலைகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். பெக்கேஜுக்கு போன் எடுக்கும் முன் அங்கே போங்கள். வீட்டில் ஒரு அளவு நாடா எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் என்றால் கவனிக்க வேண்டியது அழகை அல்ல, ஆயுளை. தொப்பை வைத்த நானாமார்களே, நீங்களும்தான் அளக்க வேண்டும். உங்களைப் பார்த்து எந்தச் சாச்சியும் கேள்வி கேட்பதில்லை என்பதால் உங்கள் கொழுப்பு நல்ல கொழுப்பு ஆகிவிடாது.

அடுத்த வலிமாவில் யாராவது ஒரு பெண்ணின் வயிற்றைப் பற்றிக் கதைத்தால், சிரிக்காமல் "அதை விடுங்க சாச்சி" என்று சொல்ல ஒரு ஆள் அந்த மேசையில் இருக்கட்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள். நாங்களும் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

மைதான விசயத்துக்கு ஆதரவு தருபவர்கள் கீழே பெயரை மட்டும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பட்டியலைக் கொண்டு போய்க் கொடுக்கிறோம்.